கதவில் படப்பிடிப்புக் குழு, மூக்குக்கண்ணாடியில் விளக்கு: 360 பிரேம் ஷாட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நேர்காணல் ஷாட். 3840×2160, நொடிக்கு 25 பிரேம், 1001 முதல் 1360 வரை 360 பிரேம்கள், 14.4 நொடி. சூப்பர் 35 சென்சார் (அகலம் 24.9 மி.மீ.), 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8. பேசுபவர் கேமராவிலிருந்து 2 மீட்டரில், ஃபிரேமின் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு 1 மீட்டர் பின்னால் ஒற்றைத் தகட்டுக் கண்ணாடிக் கதவு. கதவைத் தாண்டி 4 மீட்டரில் வெளிர் சுவரும் ஓர் அலமாரியும். கேமரா ஸ்லைடரில் கதவுக்கு இணையாக 12 செ.மீ. வலப்பக்கம் நகர்கிறது.

படப்பிடிப்புக்குப் பிறகு கணினியில் நீக்கச் சொன்னவை மூன்று. கதவில் தெரியும் கேமராவும் கேமராமேனும் முதலாவது. அதே கதவில் தெரியும் 30×30 செ.மீ. எல்.இ.டி. பேனல் இரண்டாவது. மூன்றாவது, பேசுபவரின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வில்லைகளிலும் விழுந்த அதே பேனலின் சதுரம். மேசைப் பலகையிலும் லேசான பிரதிபலிப்பு உண்டு. அதை யாரும் கேட்கவில்லை, தொடவும் இல்லை.

முதல் முயற்சி ஏன் வீணானது

முதலில் கைக்கு வந்தது கிரேடிங் (நிறத் திருத்தம்) முடிந்த ரெக் 709 கோப்பு, அதாவது டிவியில் காட்டத் தயாரான வடிவம். மூன்றையும் ஒரே மாதிரி வேலையாக நினைத்து, சுற்றி மேட் (வேலை நடக்கும் பகுதியைக் குறிக்கும் முகமூடி) வரைந்து தானியங்கி ஃபில் (நிரப்பும் கருவி) ஓட்டினார்கள். கதவில் அலமாரியின் ஓரம் வளைந்து நெளிந்தது; இமை மூடித் திறக்கும்போது கண் மாவுபோல் கரைந்தது. மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2019இல் வந்த கன்டென்ட்-அவேர் ஃபில் ஆகட்டும், மோக்கா புரோவின் ரிமூவ் ஆகட்டும், மறைந்திருக்கும் பகுதி வேறு ஏதாவது பிரேமில் வெளிப்பட்டிருந்தால் அங்கிருந்து பிக்சலை எடுத்து வந்து ஒட்டும். வெளிப்படவே இல்லையென்றால் ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கும், அல்லது இடம் நிரம்பாமலே நிற்கும். ஆகவே ஓட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஷாட்டில் எவ்வளவு வெளிப்படுகிறது?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேமரா இணையாக நகரும்போது ஒரு பொருள் சென்சாரில் நகரும் தூரம், குவியத் தூரத்தைக் கேமரா நகர்வால் பெருக்கிப் பொருளின் தூரத்தால் வகுத்தால் வரும். 3 மீட்டரில் உள்ள கதவு 2 மி.மீ. நகரும், இது 308 பிக்சல். 7 மீட்டரில் உள்ள சுவர் 132 பிக்சல்தான் நகரும். பிரதிபலிப்பு கண்ணாடியின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் அதே தூரம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். பேனல் கதவிலிருந்து 2 மீட்டர் முன்னால் இருப்பதால் அதன் பிம்பம் கேமராவிலிருந்து 5 மீட்டரில் உள்ளது. நகர்வு 185 பிக்சல். கேமராவின் சொந்தப் பிம்பமோ கேமராவோடு கூடவே நகர்கிறது. அதனால் அது ஃபிரேமில் நின்ற இடத்திலேயே நிற்க, கதவுச் சட்டமும் சுவரும் அதைக் கடந்து போகின்றன.

கேமராமேனின் உடல் அகலம் 50 செ.மீ. என்றால் 6 மீட்டர் தூரத்துப் பிம்பமாக அது 643 பிக்சல். ஷாட் முழுவதும் சுவர் அவரைக் கடப்பது 132 பிக்சல் மட்டுமே. 643இல் 511 பிக்சல் அகலம் எந்தப் பிரேமிலும் வெளியே வரவில்லை. பேனல் இன்னும் மோசம்: அகலம் 463 பிக்சல், சுவருக்கும் அதற்கும் நகர்வு வேறுபாடு வெறும் 53. இந்த ஷாட்டில் பெரும்பகுதிக்குத் தானியங்கி ஃபில்லுக்கு எடுக்க எதுவும் இருக்கவில்லை.

நோயறிதல்: கழிப்பதா, கூட்டுவதா, மாற்றுவதா

கேமரா பதிவுசெய்த மூல லாக் கோப்பு (ஒளி அளவை மடக்கை முறையில் சுருக்கி வைப்பது), 10 பிட், கேட்டு வாங்கப்பட்டது. அந்தக் கேமராவுக்குரிய மாற்றுச் சார்பைக் கொண்டு லீனியராக்கி (எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாக வரும்படி மாற்றி), 32 பிட் ஃப்ளோட்டில் வேலை தொடங்கியது. லீனியர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கண்ணாடி வழியாக வரும் ஒளியும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் சென்சாரில் கூட்டலாகவே சேர்கின்றன. சாதாரணக் கண்ணாடி நேராகப் பார்க்கும்போது ஒரு பரப்பில் சுமார் 4 சதவீதம், இரண்டு பரப்பிலும் சேர்த்து சுமார் 8 சதவீதம் ஒளியைத் திருப்புகிறது. அந்த 8 சதவீதம் பின்னணியின் மேல் ஒரு படலமாக ஏறி உட்காருகிறது. லாக்கிலோ ரெக் 709இலோ இந்தக் கூட்டல் உடைந்துவிடும். அங்கே கழித்தால் இருண்ட இடத்தில் ஒரு விடை, வெளிச்ச இடத்தில் வேறு விடை.

சரியான லீனியரில்தான் இருக்கிறோமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பிரதிபலிப்பின் ஓரம் பின்னணியின் ஓர் இருண்ட பகுதியையும் ஒரு வெளிர் பகுதியையும் வெட்டிச் செல்லும் இடத்தைத் தேடுங்கள். ஓரத்தின் இருபுறமும் உள்ள மதிப்பை இரண்டு பகுதியிலும் அளந்து வித்தியாசம் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கூட்டல் சரி. இந்த ஷாட்டில் கேமராமேனின் தோள் ஓரம் அலமாரியின் கறுப்புப் பலகையையும் வெளிர் சுவரையும் வெட்டியது. லீனியரில் இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஏறக்குறைய 0.022. ரெக் 709 கோப்பில் அளந்தபோது கறுப்புப் பலகையில் வந்த வித்தியாசம் சுவரில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அதே அளவீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. உருவத்துக்கு வெளியே மதிப்பு அதிகம், உள்ளே குறைவு. கேமராமேன் அணிந்திருந்தது கறுப்பு உடை. கேமராவுக்குப் பின்னால் உள்ள வெளிர் சுவர்தான் கதவு முழுவதும் படலமாக விழுகிறது. கேமராமேன் நிற்கும் இடத்தில் மட்டும் அது மறைக்கப்படுகிறது. கண்ணுக்கு உருவமாகத் தெரிவது உண்மையில் படலத்தில் விழுந்த ஓட்டை. அந்த ஓட்டைக்குள் அலமாரி வெளியே இருப்பதைவிடத் தெளிவாகவே தெரிகிறது. அப்படியானால் இங்கே கழிக்க எதுவும் இல்லை, இல்லாத படலத்தைக் கூட்ட வேண்டும். 511 பிக்சல் சுவரைப் புதிதாக வரைய வேண்டும் என்று நினைத்த இடத்தில், சுவர் முழுதாக உள்ளே கிடக்கிறது. படப்பிடிப்புக் குழு கறுப்பு உடுத்தும் வழக்கத்தின் பயன் படப்பிடிப்புத் தளத்தோடு முடிவதில்லை.

பேனலின் நடுப்பகுதி மூன்று நிறச் சேனலிலும் கிளிப் ஆகியிருந்தது. சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் பின்னணியின் தகவல் கிடையாது; எதைக் கழித்தாலும் தட்டையான சாம்பல்தான் கிடைக்கும். அங்கே மாற்றுவது தவிர வழியில்லை. ஆனால் பேனலைச் சுற்றிய மென்மையான விளிம்பு கிளிப் ஆகவில்லை, அதைக் கழிக்கலாம்.

கதவு

முதலில் டீநாய்ஸ் செய்த (புள்ளி இரைச்சலான கிரெயினை நீக்கிய) பிரதி ஒன்று. மூலத்திலிருந்து அதைக் கழித்து வரும் கிரெயினைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸ் வளைவை நேராக்கிய பிரதியில் டிராக்கிங் (நகர்வைப் பின்தொடர்வது) நடக்கும். ஆனால் கடைசியில் மறுபடி வளைக்கப்படுவது புதிதாகச் சேர்க்கும் ஒட்டு மட்டும்தான். முழு ஃபிரேமையும் நேராக்கி மீண்டும் வளைத்தால் தொடாத பிக்சல்களும் இரண்டு முறை ஃபில்டர் ஆகி மங்கும். பார்வையாளருக்குத் தெரியாமல் போகலாம், கிரேடிங் செய்பவர் பிடித்துவிடுவார்.

டிராக்கிங்கில் கதவுக் கண்ணாடியின் உள்பகுதியை, தட்டையான பரப்பைப் பின்தொடரும் பிளேனர் டிராக்கருக்குக் கொடுத்தது பிழை. அங்கே 308, 185, 132, 0 என்று நான்கு வேகத்தில் நகரும் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. டிராக்கர் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தத்தளிக்கும். 12 செ.மீ. நகர்வை மட்டும் வைத்துக் கேமரா சால்வ் (கேமராவின் நிலையையும் ஆழத்தையும் கணிப்பது) செய்தாலும் ஆழம் நம்பும்படி வராது. கேமரா இணையாக நகர்வதால் ஒவ்வோர் அடுக்கும் கிடைமட்டமாகத்தான் நகர்கிறது. எனவே கதவுச் சட்டத்திலும் கைப்பிடியிலும் ஒரு 2டி டிராக், அலமாரியின் இரண்டு மூலைகளில் இன்னொன்று, பேனல் பிம்பத்தின் ஓரத்தில் மூன்றாவது, இவையே போதும். ஸ்லைடர் புறப்படும் முதல் 20 பிரேமில் சிறு குலுக்கல் இருந்தது. அது எல்லா அடுக்கிலும் ஒன்றுபோல் வருவதால் கேமராவின் பிம்பத்துக்கும் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கேமராமேனின் ஓட்டைக்கு ரோட்டோ (உருவத்தின் ஓரத்தைப் பிரேம் பிரேமாகத் தொடரும்படி வரையும் வடிவம்). ஃபோகஸ் 2 மீட்டரில் இருப்பதால் 6 மீட்டர் பிம்பத்தின் ஓரம் சுமார் 47 பிக்சல் மங்கியிருக்கும். 3 மீட்டர் கதவுச் சட்டம் 24 பிக்சல்தான். ரோட்டோ வடிவத்துக்கு ஃபெதர் (ஓர மென்மை) 47, அதைச் சட்டத்தோடு வெட்டும் மேட்டுக்கு 24. இரண்டையும் ஒரே அளவாக வைத்தால் சட்டத்தை ஒட்டி மெல்லிய இருண்ட கோடு எழும். இந்த ஷாட்டில் எழுந்தது.

கூட்டிய மதிப்பு சிவப்பில் 0.024, பச்சையில் 0.022, நீலத்தில் 0.019. கேமராவுக்குப் பின்னால் உள்ள சுவரில் வெப்பநிற விளக்கின் சாயல் இருந்ததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மேலிருந்து கீழே வரும்போது படலம் கொஞ்சம் குறைந்ததால், ஒரே எண்ணைக் கொடுக்காமல் உருவத்தின் இருபுறமும் நான்கு நான்கு இடங்களில் அளந்து சரிவாகப் பரப்பப்பட்டது. முகமும் கைகளும் கறுப்பல்ல. அவை தங்கள் ஒளியையும் சேர்க்கின்றன. அங்கே கூட்ட வேண்டிய அளவு குறைவு. முகத்துக்குத் தனி வடிவம் வரைந்து 0.022க்குப் பதில் 0.013. கேமராவின் சிவப்பு டாலி விளக்கு (பதிவு நடப்பதைக் காட்டுவது) மட்டும் பெயின்ட்: பக்கத்தில் உள்ள சுவரை இழுத்து மூடினால் முடிந்தது.

கடைசி 90 பிரேம்களில் பேசுபவரின் தலைமுடி இந்த இடத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. கருமுடியின் மேல் 0.022 கூடினால் முடி சாம்பல் பூத்துவிடும். முடி இருட்டு, பின்னணி வெளிர் என்பதால் லூமா கீ (பிரகாசத்தைக் கொண்டு பிரிக்கும் மேட்) ஒன்றும், தலைக்கு உட்புறம் கரடுமுரடான ரோட்டோவும் போதுமாயிருந்தன. இழை இழையாக வரைய வேண்டிய வேலை இதில் இல்லை. சிறிய கூட்டல் ஓரப் பிழைகளைப் பெரிதும் மன்னிக்கும். பிக்சலை மாற்றும் வேலையில் இந்தச் சலுகை கிடைக்காது.

பேனலுக்கு 1180ஆம் பிரேமில் ஒரு கிளீன் பிளேட் (பேனல் இல்லாத சுத்தமான படம்) வரையப்பட்டது. சுவரின் மேற்பகுதியிலிருந்து நிறமும், அலமாரியின் மறுபக்கத்திலிருந்து ஓரமும். முதல் வடிவத்தில் ஒட்டு கதவோடு கட்டப்பட்டிருந்தது. கண்ணாடியில் தெரிவது கண்ணாடியோடு போகும் என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. விளைவு, ஷாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒட்டு சுவர் மேல் 176 பிக்சல் வழுக்கியது. ஒட்டு சுவரின் டிராக்கோடும், அதை வெட்டும் மேட் பேனல் பிம்பத்தின் டிராக்கோடும், வெளி எல்லை கதவுச் சட்டத்தின் டிராக்கோடும் போக வேண்டும். ஒரே ஒட்டுக்கு மூன்று டிராக். மாற்றிய நடுப்பகுதியும் கழித்த விளிம்பும் சந்திக்கும் இடம், கிளிப் எல்லையிலிருந்து குறைந்தது 15 பிக்சல் வெளியே இருந்தால்தான் வளையம் தெரியாது. கிளிப் எல்லையை ஒட்டிய பிக்சல்களில் ஏதாவது ஒரு சேனல் மட்டும் முன்பே நிரம்பியிருக்கும், அங்கே நிறம் பொய் சொல்லும்.

மாற்றிய சுவரின் மேலும் படலத்தைக் கொஞ்சம் விட வேண்டும். பேனலை எடுத்ததும் அந்தச் சதுரம் மட்டும் கண்ணாடியே இல்லாத துளைபோல் தெரிந்தது. சுற்றியுள்ள 0.022ஐ அதன் மேலும் கூட்டியபோதுதான் கதவில் கண்ணாடி திரும்ப வந்தது.

மூக்குக்கண்ணாடி

நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே போனது. பரப்பு சிறியது, ஆனால் பார்வையாளர் ஷாட் முழுவதும் பார்ப்பது இதைத்தான்.

கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிரதிபலித்த கதிர் இரண்டு பாகை திரும்பும். பேசுபவர் தலையைச் சற்று அசைத்தாலே சதுரம் வில்லையில் வேகமாக ஓடுகிறது. இது தொல்லைதான், ஆனால் உதவியும் இதில்தான் இருக்கிறது: பக்கத்துப் பிரேம்களில் கண்ணின் வேறு வேறு பகுதி வெளிப்படுகிறது. மூக்குப் பாலமும் இரண்டு கீல்களும் கொண்டு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை அசையாமல் நிலைப்படுத்தி, அந்த நிலையில் சதுரத்துக்குத் தனி ரோட்டோ, 4 முதல் 6 பிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் (வடிவத்தைக் கையால் சரிசெய்யும் பிரேம்).

இடது வில்லையில் சதுரம் கிளிப் ஆகவில்லை. பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு இருப்பதால் பச்சைச் சாயலோடு மங்கிய படலம். நிலைப்படுத்திய 1096ஆம் பிரேமிலிருந்து 1104ஐக் கழித்தால், கண் அசையாத இடத்தில் படலம் மட்டும் தனியாக வந்தது. சிவப்பு 0.05, பச்சை 0.11, நீலம் 0.07. இதை அப்படியே கழித்ததும் கருவிழி நிறத்தோடு திரும்பியது. கூடவே ஒரு சிக்கலும்: கழித்த இடத்தில் கிரெயின் சுற்றியிருப்பதைவிட அதிகம். ஒளியின் சொந்த நாய்ஸ் அதன் அளவின் வர்க்கமூலத்தோடு உயரும். படலத்தின் ஒளியைக் கழிக்கலாம், அது கொண்டுவந்த நாய்ஸைக் கழிக்க முடியாது. ஆகவே டீநாய்ஸ் செய்த பிரதியில் கழித்து, அதே பிரகாசமுள்ள பக்கத்துத் தோலின் கிரெயினை மேலே போட வேண்டும். மூலப் பிரேமின் கிரெயினை அதே இடத்தில் திருப்பிப் போட்டால் சதுரம் நாய்ஸ் வடிவில் திரும்பிவிடும்.

எல்லாப் பிரேமிலும் கையால் மதிப்பைத் திருத்துவது சலிப்பான வேலை. 12 பிரேமைக் கையால் சரிசெய்து, மூலமும் திருத்தமுமாக நியூக் மென்பொருளின் காப்பிகேட் என்ற இயந்திரக் கற்றல் கருவிக்குக் கொடுத்துப் பயிற்றுவித்து மீதியை ஓட்டியது இடது வில்லைக்குப் பலித்தது. அந்த 12இல் இமை மூடிய பிரேம் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். முதல் சுற்றில் ஒன்றுகூட இல்லாததால் மூடிய இமையின் மேல் கருவிழி நிழலாடியது. ஒற்றைப் படத்துக்கென்று செய்த பிரதிபலிப்பு நீக்கும் நியூரல் கருவிகளை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக முடிவுசெய்வதால் கண் துடிக்கிறது.

வலது வில்லையில் 68 பிரேமுக்குச் சதுரம் முழுக்கக் கிளிப். கீழ் இமையையும் வெண்விழியையும் மூடியது. 9 பிரேமில் கருவிழியையும். இமைக்கும் வெண்விழிக்கும் தலை சாய்ந்த பிரேம்களிலிருந்து ஒட்டு. வில்லைக்கு வெளியே உள்ள கன்னத்துத் தோலை உள்ளே இழுக்கக் கூடாது: கிட்டப்பார்வை வில்லை முகத்தைச் சிறிதாக்கிக் காட்டுவதால் கன்னத்தின் கோடு வில்லையின் ஓரத்தில் படி விழுந்தாற்போல் உள்ளே ஒதுங்கியிருக்கும். ஒட்டுக்கான தோல் வில்லைக்கு உள்ளிருந்தே வர வேண்டும். ஷாட்டில் மூன்று இமைப்புகள், ஒவ்வொன்றும் 6 முதல் 8 பிரேம். பாதிக்கப்பட்ட இமைப்புக்குச் சுத்தமான இன்னோர் இமைப்பை எடுத்து, நீளத்தை ரீடைம் செய்து வைத்தார்கள். நிறுத்திய ஒரே பிரேமை வைத்தால் இமை உயிரில்லாமல் விழும்.

அந்த 9 பிரேமின் கருவிழிக்கு இடது கண்ணைத் திருப்பிப் போடும் யோசனை எழுந்தது. திருப்பினால் கண்ணின் ஒளிப்புள்ளி தவறான பக்கம் போகும், பார்வைத் திசையும் தலைகீழாகும், மாறுகண் தோற்றம் வரும். பிறகு எடுத்த முடிவு எளிது: 9 பிரேமிலும் சதுரத்தை முழுதாக எடுக்காமல், ஓரங்களை ஒட்டால் சுருக்கி, நடுவில் ஐந்தில் ஒரு பங்கு வலிமையோடு ஒரு மினுக்கலாக விட்டுவிடுவது. இரண்டு வில்லையிலும் 15 முதல் 20 சதவீதப் படலம் ஷாட் முழுவதும் விடப்பட்டதால் இந்த மினுக்கல் தனித்துத் தெரியவில்லை. கருவிழி மேல் நேராக விழுந்த சிறு ஒளிப்புள்ளி வில்லையின் பிரதிபலிப்பைச் சேராது. அதை அழித்தால் கண் செத்துப்போகும்.

சரிபார்ப்பு

வியூவரில் காமாவை ஏற்றி ஒரு முறை, வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) உயர்த்தி ஒரு முறை, நிறச்செறிவை இரட்டித்து ஒரு முறை, பிறகு கிரேடிங்கின் லட் (நிற மாற்ற அட்டவணை) போட்டு. லீனியரில் மறைந்திருந்த ஓர் ஒட்டின் எல்லை லட்டின் கான்ட்ராஸ்டில் 1240க்குப் பிறகு வெளிப்பட்டது. கதவின் சரிவுக்கு மேலும் இரண்டு அளவீட்டுப் புள்ளிகள் சேர்த்ததும் போனது. மூலத்தையும் முடிவையும் கழித்துப் பார்த்தபோது மேட்டுக்கு வெளியே சரியாகச் சுழியம் வர வேண்டும், வந்தது. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவதும் நல்ல பழக்கம், வழுக்கல் மெதுவாக ஓடும்போது ஏமாற்றிவிடும்.

16 பிட் இ.எக்ஸ்.ஆர். படக் கோப்புகளின் வரிசையாக, வந்த பிரேம் எண்களோடு, மேட்டை ஆல்ஃபா சேனலில் வைத்துக் கொடுக்கப்பட்டது. கதவுக்கு ஒரு நாள், மூக்குக்கண்ணாடிக்கு இரண்டரை.

தளத்தில் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டிருந்தால் இந்த வேலை மிச்சமாகியிருக்குமே என்ற கேள்வி வரும். கதவில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. கண்ணாடியில் பிரதிபலிப்பு முழுதாகத் துருவமடைவது பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகைச் சாய்வில். கேமரா தன்னையே பார்க்கும் நேர்க்கோணத்தில் துருவமாக்கமே இல்லை. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளிதான் வீணாகியிருக்கும். பேனலை அரை மீட்டர் உயர்த்திக் கீழே சாய்ப்பது, மூக்குக்கண்ணாடியின் காதுக்கொம்புகளைக் காதிலிருந்து சற்றே தூக்கி வில்லையைக் கீழ்நோக்கச் செய்வது: இரண்டில் எது செய்திருந்தாலும் வலது வில்லையின் 68 பிரேம் வெகுவாகக் குறைந்திருக்கும். பேனலை அணைத்து அதே நகர்வில் ஒரு டேக் எடுத்து வைத்திருந்தால் கதவில் பேனல் மறைத்த சுவர் கிடைத்திருக்கும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டியிருந்தால் கதவில் படலமும் இருந்திருக்காது, ஓட்டையும் தெரிந்திருக்காது.